வாங்கும் முன் ‘புறம்போக்கா?’ என்று பார்க்க: கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் நில ஆவணத் தளங்கள் எப்படி?

“ஆன்லைன்ல பார்த்தாச்சு சார், பட்டா க்ளியரா இருக்கு.” மனைத் தரகர்கள் சொல்லும் முதல் வசனம் இதுதான். பொய் என்று தள்ளவும் முடியாது, நம்பி அட்வான்ஸ் கொடுக்கவும் முடியாது. தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நில ஆவண இணையதளமும் புதுச்சேரியின் ‘நிலமகள்’ சேவையும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டால் அந்த வசனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கிவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு இரண்டுமே வேண்டும். தென்பெண்ணையைத் தாண்டினால் பெரிய கங்கணாங்குப்பமும் ரெட்டிச்சாவடியும் தமிழ்நாடு. முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் எல்லாம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், அதாவது அங்கத்து உள்ளாட்சிப் பகுதி. சில இடங்களில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டமன்றத்தின் சட்டம், அந்தப் பக்கம் வேறொன்று. சர்வே எண், பதிவேடு, அளவு சொல்லும் முறை எல்லாம் மாறிவிடும். மனை எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுத் தளத்தில் பாகூர்ப் பக்கத்து ஊரைத் தேடினால் பட்டியலிலேயே வராது. அதற்காக அந்த நிலத்துக்கு ஆவணம் இல்லை என்று பயப்பட வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேண்டாத மனையை வடிகட்டித் தள்ளுவதற்கு தமிழ்நாட்டுத் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு. பணம் கொடுப்பதற்கான கடைசி ஆதாரமாக ஐந்துக்கு இரண்டுதான். புதுச்சேரிச் சேவைக்கு இரண்டு வகையிலும் மூன்று. அங்கே எப்படியும் செட்டில்மென்ட் நகலும் (நிலவரி நிர்ணயத்தின்போது எழுதிய பதிவேட்டின் நகல்) பழைய பத்திரமும் இல்லாமல் வேலை முடியாது.

முதலில் தமிழ்நாட்டுத் தளம். பார்வையிடக் கட்டணம் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து, தளம் கேட்கும் சரிபார்ப்பை முடித்தால் பட்டாவும் புலப்படமும் (புலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடம்) வரும். பலர் தடுக்கி விழும் இடம் ஊரகமா, நத்தமா (கிராமக் குடியிருப்பு நிலம்), நகர்ப்புறமா என்று தேர்வு செய்யும் கட்டம்தான். கடலூர் மாநகராட்சிக்குள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் போன்ற பகுதிகளில் நகர நில அளவை முடிந்த இடங்களுக்குப் பழைய கிராமப் புல எண் போதாது. வார்டு, பிளாக், நகர சர்வே எண் மூன்றும் வேண்டும். பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால், அதற்கு ஈடான நகர சர்வே எண் எது என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். பழைய எண்ணை ஊரகத்தில் தட்டிவிட்டு ‘விவரம் இல்லை’ என்று பார்த்ததும் மனையே போலி என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. தேடிய பெட்டிதான் தப்பு.

பட்டா பக்கத்தோடு நிற்கக் கூடாது. புறம்போக்கைப் பிடிக்க வேண்டுமானால் திறக்க வேண்டியது அ-பதிவேடு. கிராமத்தின் ஒவ்வொரு புலத்துக்கும், உட்பிரிவுக்கும் அதில் ஒரு வரிசை. எண், பழைய எண், அரசு நிலமா ரயத்துவாரியா, நன்செய் புன்செய் புறம்போக்கு என்ற வகைபாடு, மண் வயனமும் ரகமும், தீர்வை (நிலவரி), பரப்பு, பட்டா எண்ணும் பெயரும், கடைசியில் குறிப்பு. ரயத்துவாரி என்றால் ஒருவர் பெயரில் தீர்வைக்கு உட்பட்ட நிலம். ‘அரசு’ என்று இருந்து, பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘பாட்டை’, ‘மயானம்’ என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அத்தோடு மூடிவிடலாம். புறம்போக்கா என்று மட்டும் பார்க்கத் தளத்தில் தனித் தேர்வும் உண்டு. அதில் வரும் பதிலும் இதே பதிவேட்டின் பதில்தான், தனி ஆதாரமாக எண்ண வேண்டாம்.

வகைபாட்டுச் சொற்களில் எல்லாம் ஒரே கனம் கிடையாது. நீர்நிலை, பாதை, மயானம், மந்தைவெளி எல்லாம் ஆட்சேபனையுள்ள புறம்போக்கு. அதில் எத்தனை வருஷம் குடியிருந்தாலும் பட்டாவாக மாறும் என்று எண்ணக்கூடாது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ இரண்டும் அரசு நிலம்தான், ஆனால் ஒப்படை செய்யும் (அரசு ஒருவருக்கு ஒதுக்கித் தரும்) வழி உண்டு. ‘அனாதீனம்’ என்று கண்டால் உரிமை கோர ஆளில்லாமல் அரசிடம் சேர்ந்த நிலம். நத்தம் தனி ரகம், அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சொற்களுக்கு இத்தனை பலம் வந்தது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தால், அதாவது மெட்ராஸ் சட்டம் 3. அதன் 2-ஆவது பிரிவு சொல்வது நேரடியானது. பொதுச் சாலைகள், தெருக்கள், பாலங்கள், ஆறு, ஓடை, ஏரி, கால்வாய், உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே உள்ள கடற்படுகை, இவற்றோடு வேறொருவருக்குச் சொந்தம் என்று காட்ட முடியாத எல்லா நிலமும் அரசின் சொத்து. ஜமீன்தார், இனாம்தார், ரயத்துவாரி பட்டாதாரர் என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதில் இல்லாதது சர்க்காருடையது. நிரூபிக்கும் பாரம் அரசின் தலையில் இல்லை, நம் தலையில்தான். இது தெரியாமல் பதிவேட்டைப் பார்த்தால், ‘அரசு’ என்ற சொல் வெறும் குமாஸ்தா எழுத்தாகத்தான் தெரியும்.

நிலம் யாருடையது என்பதை ஆட்சி தீர்மானிக்கும் கதைக்குக் கடலூரைப் போல ஊர் கிடைக்காது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் சேர்த்தே பேரம். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. அன்று ஒரு பீரங்கி செய்த சர்வே வேலையை இன்று புலப்படமும் டேப்பும் செய்கின்றன.

இப்போது அந்த அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. நிலம் என்பது மாநிலப் பட்டியலின் 18-ஆவது பதிவு, நில வருவாய் 45-ஆவது. அதனால்தான் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாடு 2007-இல் தனிச் சட்டம் போட முடிந்தது. 2023-இல் 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் சட்டமன்றம் நிறைவேற்ற முடிந்தது. ஒன்றிய அரசின் சொத்து வேறு கணக்கு, அது ஒன்றியப் பட்டியலின் 32-ஆவது பதிவு. ரயில்வே நிலத்தை மாநிலப் புறம்போக்கு என்று நினைத்து வட்டாட்சியரிடம் மனுப் போடுவது வீண் நடை. நெய்வேலியில் என்எல்சி பெயரில் இருக்கும் நிலத்தை ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட் நிலம்’ என்பது பேச்சு வழக்கு. சட்டத்தில் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. பட்டாதாரர் பெயரை அப்படியே படியுங்கள், சுருக்கிப் புரிந்துகொள்ள வேண்டாம். கோயில் நிலத்துக்கும் அதே கதை. பெயர் இடத்தில் சுவாமியின் பெயர் இருக்கும். ‘அரசு’ என்று இருக்காது என்பதற்காக விற்கலாம் என்று அர்த்தமில்லை. ஊராட்சிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. மேய்ச்சல், களம், சுடுகாடு, மந்தை, தோப்புப் புறம்போக்குகள் 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவில் கிராம ஊராட்சியிடம் வருகின்றன. தலைவர் கையெழுத்திட்டு விற்கும் சொத்தாக அவை ஆகிவிடவில்லை.

பரப்பளவைப் படிப்பதில்தான் தப்பு அதிகம். பட்டாவில் ஹெக்டேர்–ஏர் என்று இருக்கும். உதாரணத்துக்கு 0–14.50 என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 14.50 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆகவே சுமார் 35.8 சென்ட். பத்திரத்தில் 40 சென்ட் என்று எழுதியிருந்தால் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் இடிக்கிறது, கிட்டத்தட்ட 1,800 சதுரடி. ‘பழைய பத்திரம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்’ என்று தரகர் சமாதானம் சொல்வார். அங்கேதான் புலப்படத்தைத் திறக்க வேண்டும். புலத்தின் ஓரத்தில் தனி உட்பிரிவு எண்ணோடு ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறதா? மூன்று மீட்டர் அகலத்தில் 56 மீட்டர் நீளம் ஒரு வாய்க்கால் போனால் 168 சதுர மீட்டர். அதுதான் அந்த நாலு சென்ட். நிலத்தில் வாய்க்கால் தூர்ந்து சமமாகி, மேலே வேலி போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. புலப்படத்தில் தெரியும், அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு ‘வாய்க்கால்’ என்று வரும். பட்டா மட்டும் பார்த்தவருக்கு இது கிடைத்திருக்காது.

புலப்படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தளத்தில் கிடைக்கும் படத்தில் எல்லைக் கோடுகளின் நீளம் மீட்டரில் இருக்கும், சுற்றிலும் பக்கத்துப் புலங்களின் எண்கள் இருக்கும். அந்தப் பக்கத்து எண்களையும் ஒவ்வொன்றாக அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பாதை எதுவும் அரசுப் பாட்டையாக இல்லாமல் எல்லாப் பக்கமும் தனியார் பட்டாவாக இருந்தால், மனைக்கு வழியே கிடையாது. விற்பவர் காட்டும் செம்மண் சாலை இன்னொருவரின் வயல். படத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், அச்சில் பக்கத்துக்கு ஏற்றபடி சுருங்கிவிடும். எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். நிலத்தில் ஒத்துப் பார்க்க, மூன்று புலம் சந்திக்கும் முச்சந்திக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். கல் இல்லையென்றால் சர்வேயரை வைத்துத்தான் அளக்க வேண்டும். நடை அளவெல்லாம் செல்லாது.

தளத்தின் பெரிய ஓட்டை வரலாறு. அது இன்றைய நிலையைக் காட்டுகிறது. நேற்று என்ன இருந்தது என்று சொல்வதில்லை. 1979-இல் தொடங்கிய யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டு வேலையில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது சில புறம்போக்குகள் தனியார் பெயரிலும், சில தனியார் நிலங்கள் அரசுப் பெயரிலும் ஏறிவிட்டன. இன்றைய அ-பதிவேடு யுடிஆருக்குப் பிந்தைய எழுத்து. யுடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்த எண் ‘ஏரி’ என்று இருந்தால், இன்று பட்டா இருந்தாலும் வழக்கு வந்தால் நிலைக்காது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இறங்கி வருவதில்லை. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, கொண்டங்கி ஏரி பாசனப் பக்கங்களிலும் கெடிலம், பரவனாறு கரைகளிலும் மனை பார்ப்பவர்கள் பழைய பதிவேட்டு நகலை வாங்காமல் நகரக்கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘இந்தப் புல எண்ணுக்கு யுடிஆருக்கு முந்தைய வகைபாடு என்ன, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நீட்டி முழக்கி எழுதினால் நீட்டி முழக்கியே பதில் வரும்.

குறிப்புக் கலம்தான் அடுத்த இடம். ஒப்படை உத்தரவு, நிபந்தனை, பஞ்சமி என்றெல்லாம் பதிவாகியிருக்க வேண்டிய இடம் அது. திரையில் அது காலியாக இருந்தால் நிபந்தனையே இல்லை என்று அர்த்தமில்லை. 1892 உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பத்து வருஷத்துக்கு விற்கத் தடை. அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம். இப்படிப்பட்ட நிலம் பட்டாவில் சாதாரண ரயத்துவாரி போலவே தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பதிவேட்டின் குறிப்புப் பக்கத்தையும் ஒப்படை ஆணையையும் கண்ணால் பார்க்காமல் ‘க்ளியர்’ என்று சொல்லக்கூடாது.

நத்தத்துக்கு வருவோம். பதிவேட்டில் அது அரசு என்ற தலைப்பின் கீழ் வருவதால் பலர் பதறுகிறார்கள். 1905 சட்டத்தின் விலக்குப் பட்டியலிலேயே நத்தத்தில் வீட்டுமனை வைத்திருப்பவர் இருக்கிறார். குடியிருந்து அனுபவிக்கும் நத்தம் மனை அரசுடையது அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தளத்தில் நத்தத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறது, அதில் போய்ப் பாருங்கள். ஆனால் நத்தத்துக்கு ஒட்டிய ஓடையை நத்தமென்று விற்பது நம்மூரில் பழைய வித்தை. புலப்படத்தில் அந்த உட்பிரிவைச் சரியாக அடையாளம் காணுங்கள்.

காகிதங்களில் மயங்க வேண்டாம். மின் இணைப்பு அட்டை, வீட்டு வரி ரசீது, பி மெமோ ரசீது மூன்றையும் கோர்த்துக் கொடுத்து ‘எல்லாம் இருக்கு’ என்பார்கள். பி மெமோ என்பதே ஆக்கிரமிப்பைக் கண்டு போடும் காகிதம். அதற்குக் கட்டும் தொகையால் அனுபவ உரிமை வந்துவிடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 2சி பட்டா என்பது அரசு நிலத்து மரங்களின் பலனை அனுபவிக்கத் தருவது, நிலத்துக்கல்ல. தென்னந்தோப்புக்கு 2சி பட்டாவைக் காட்டி விலை பேசினால் நீங்கள் வாங்குவது இளநீர்தான். ‘பன்னிரண்டு வருஷம் அனுபவம் இருக்கு’ என்ற வாதமும் தனியாருக்கு எதிராகத்தான். அரசு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் முப்பது வருஷம் கொடுக்கிறது.

பட்டாவில் பெயர் தப்பாகவோ வகைபாடு தப்பாகவோ இருந்தால் தளத்திலேயே திருத்த முடியாது. வட்டாட்சியரிடம் மனு, அதில் தீராவிட்டால் 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமைத் தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டா வருவாய்க் கணக்கு, அது தன்னளவில் உரிமை ஆவணம் ஆகாது.

பாகூர்ப் பக்கம். புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. பிரெஞ்சு நிர்வாகத்தின் செயல்களால் ஏற்பட்ட உரிமைகளையும் கடமைகளையும் இந்திய அரசு ஏற்றுக்கொள்ளும் என்பது அந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்து. அதனால்தான் இன்றும் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரம் கையில் வந்தால் குப்பை என்று தள்ளக்கூடாது. நில உரிமையின் வேர் அங்கே இருக்கலாம், மொழிபெயர்ப்பு வாங்கிப் படிக்க வேண்டும். சட்டம் போடும் அதிகாரமும் இங்கே வேறு அமைப்பு. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி புதுச்சேரிப் பேரவை மாநிலப் பட்டியலில் சட்டம் செய்யலாம், நிலமும் அதில் அடக்கம். ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலப் பட்டியலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இருக்கும் சுதந்திரம் அங்கே இல்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது எண்கள். பத்திரத்தில் கதாஸ்தர் எண் (பிரெஞ்சுக் கால நில அளவை எண்), ஆர்.எஸ். எண் இரண்டும் இருக்கும். இப்போதைய தேடலுக்கு வேண்டியது ஆர்.எஸ். எண், அதாவது மறுசர்வே எண். கதாஸ்தர் எண்ணைப் போட்டால் எங்கோ இருக்கும் வேறு நிலம் வரும். அதைப் பார்த்து ‘பெயர் ஒத்துப் போகவில்லை’ என்று சண்டை போடுவார்கள். அளவு ஹெக்டேர், ஆர் (அதே ஏர்தான்), சென்டியார் என்று மூன்று பகுதியாக வரும். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். ஊரில் குழிக் கணக்கில் பேசுவார்கள், குழி ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூர்க் குழியை மனதில் வைத்துப் பாகூரில் விலை பேசினால் கணக்கு உதைக்கும். குழியைக் கேட்டு, சதுர மீட்டராக எழுதச் சொல்லி, பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

நிலமகள் விவரத்தோடு செட்டில்மென்ட் நகலையும் சேர்த்து வாங்குவது அங்கே வழக்கம், நல்ல வழக்கம். தமிழ்நாட்டில் தனியாக மனுப் போட்டுத் தேட வேண்டிய பழைய வகைபாடு, புதுச்சேரியில் வாங்குபவர்கள் முதலிலேயே கேட்கும் காகிதமாக இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் சின்னப் பிரதேசம் முந்திக்கொண்டது.

கடலூர்ப் பக்கம் பழைய பதிவேட்டைப் பார்க்க அவசரம் இல்லாதவர்கள் ஜமாபந்திக்கு, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கைக்குக் காத்திருக்கலாம். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் அதற்கு முந்தைய வாரங்களில் நடக்கும். அந்த நாட்களில் கிராமக் கணக்குகள் எல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரே மேசைக்கு வந்துவிடும். புல எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, உங்கள் கிராமத்துக்குக் குறித்த நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.